ஒற்றைக் கோப்பு சி புரோகிராம்: ஜிசிசியை நேரடியாக அடிப்பதா, மேக்கிடம் விடுவதா?

ஹலோ.சி என்று ஒரே ஒரு கோப்பு. டெர்மினலில் அதைக் கம்பைல் செய்ய, ஜிசிசி என்ற சி கம்பைலரின் கட்டளையை ஒவ்வொரு முறையும் முழுதாக அடிக்கலாம். ‘மேக் ஹலோ’ என்று மட்டும் அடித்தும் முடிக்கலாம்; மேக் என்பது தேவையான கம்பைல் கட்டளையைத் தானே ஓட்டும் கருவி. என் ஓட்டு மேக்குக்கு, அதுவும் மேக்ஃபைல் (மேக்குக்கான விதிகளை எழுதி வைக்கும் கோப்பு) எழுதாமலேயே. சி கோப்பிலிருந்து புரோகிராமை உருவாக்கும் விதி குனு மேக்குக்குள்ளேயே இருக்கிறது. (மற்ற மேக்குகளில் சில விவரங்கள் மாறும்.)

வேகத்தில் வித்தியாசம் கிடையாது, கடைசியில் ஓடுவது பெரும்பாலும் அதே கம்பைலர்தான். நேரடிக் கட்டளையில், உருவாகும் கோப்பின் பெயரைச் சொல்லும் -ஓ விட்டுப்போனால் ஏ.அவுட் என்ற பெயரில் கோப்பு வந்து நிற்கும், அவ்வளவுதான்.

முடிவு செய்வது வார்னிங் ஃப்ளாக்குகள், அதாவது சந்தேகமான வரிகளைப் பற்றி எச்சரிக்கும்படி கம்பைலருக்குச் சொல்பவை. இஃப் நிபந்தனைக்குள் == போட வேண்டிய இடத்தில் ஒற்றை = விழுந்து, ‘என் = 5’ என்று ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாக் எதுவும் இல்லாத ஜிசிசி சத்தமே இல்லாமல் கம்பைல் செய்துவிடும். ‘என்’ என்ற மாறியின் மதிப்பு 5 ஆக மாறும், நிபந்தனை எப்போதும் உண்மையாகும். -டபிள்யூஆல் இருந்தால் அந்த வரியைக் காட்டி எச்சரிக்கும். அவசரத்தில் கையால் அடிக்கும்போது முதலில் விட்டுப்போவது இந்த ஃப்ளாக்தான். மேல் அம்புக்குறியைத் தட்டிப் பழைய கட்டளையை எடுக்கலாமே என்பீர்கள். கோப்பின் பெயர் மாறினால் மறுபடி திருத்த வேண்டும். சிஃப்ளாக்ஸ் என்ற சூழல் மாறியில் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா (கூடுதல் எச்சரிக்கைகள்), -ஜி (டீபக் தகவல்) மூன்றையும் எழுதி, டெர்மினல் தொடங்கும்போது பாஷ் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டால், அதன்பின் எந்தக் கோப்புக்கு மேக் அடித்தாலும் மூன்றும் கூடவே போகும்.

கணித லைப்ரரிக்கான -எல்எம்-ஐ எல்டிலிப்ஸ் மாறியில் வையுங்கள். எல்டிஃப்ளாக்ஸில் வைத்தால் அது கட்டளையில் ஹலோ.சிக்கு முன்னால் வந்துவிடும். கோப்புகளையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்கர் இடமிருந்து வலமாகத் தேடுவதால், பல லினக்ஸ்களில் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ எரர் கிடைக்கும். கையால் அடிக்கும்போதும் -எல்எம் கோப்பின் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

நேரடிக் கட்டளைக்கு ஒரு நிஜமான பலம் உண்டு: அடித்த ஒவ்வொரு முறையும் கம்பைல் ஆகும். மேக்ஃபைல் இல்லாத மேக், ஹலோ, ஹலோ.சி இரண்டும் கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் ஒப்பிடும். ஹலோ.சி இன்க்ளூட் செய்யும் ஹெடர் கோப்பைத் திருத்தினாலும், சிஃப்ளாக்ஸை மாற்றினாலும் ‘அப் டு டேட்’ என்று சொல்லி நின்றுவிடும். அப்போது மேக் கட்டளையில் பெரிய எழுத்து -பி சேர்த்தால் கட்டாயம் கம்பைல் செய்யும்.

கோப்புகள் இரண்டு மூன்றாகி, பொதுவான ஹெடரும் வந்துவிட்டால் -பி-யை நம்பி ஓட்டக் கூடாது. ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்டில் ஒரு ஃபீல்டைச் சேர்த்துவிட்டு ஒரு கோப்பை மட்டும் கம்பைல் செய்தால், மற்றொரு கோப்பை முன்பு கம்பைல் செய்தபோது வந்த பழைய ஆப்ஜெக்ட் கோப்பு எரர் இல்லாமலே லிங்க் ஆகும். ஓடும்போது தப்பான மதிப்புகள் வரும். அந்தக் கட்டத்தில் மேக்ஃபைல் எழுதி, எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சார்ந்தது என்று பட்டியலிட்டு -எம்எம்டி ஃப்ளாக் உருவாக்கும் .டி கோப்புகளை அதில் இன்க்ளூட் செய்துவிடுங்கள். மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப்பில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் இருந்தால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று மேக் நின்றுவிடும்.