சாட்சி சொல்லப் போன மூன்று நாட்கள்: ஒரு நீதிமன்றச் சேவை குறித்த மதிப்பீடு

உணவகத்துக்கும் மருத்துவமனைக்கும் மதிப்பீடு எழுதுவதைப் போல நீதிமன்றத்துக்கும் எழுதலாமா என்று என் மகன் தயங்கினான். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் அதன் நியாயத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதப் போவதில்லை. எந்த நீதிமன்றம் என்பதையும் குறிப்பிடவில்லை. வேலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றம் என்பது போதும். சாட்சியாக அழைக்கப்படும் ஒரு சாதாரண மனிதருக்கு, அதிலும் வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு, அந்த இடம் என்ன செய்து தருகிறது, எதைச் செய்யாமல் விட்டுவிடுகிறது என்பதை மட்டுமே எழுதுகிறேன். ஐந்து விண்மீன்களில் மூன்று கொடுக்கிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் ஒன்றுதான் கொடுத்திருப்பேன்.

நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. என் துணைவியாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதால் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் வேலூரில் டயாலிசிஸ் நடக்கிறது. விடியற்காலையில் புறப்பட்டு, இயந்திரத்தில் நான்கு மணி நேரம் படுத்து எழுந்தபின் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். கையைப் பிடித்து அழைத்து வர ஓர் ஆள் இல்லாமல் முடியாது. ஒரு முறை தவறவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சுத் திணறும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும் என்று மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே நாளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய வேலை அன்று அது. மகன் பெங்களூருவில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

2024 செப்டம்பரில் அப்படி ஒரு டயாலிசிஸ் முடிந்து வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவுக்கு அருகே ஓர் இளைஞர் உயிரிழந்த விபத்தை நேரில் பார்த்தேன். இறங்கி 108க்கு அழைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை உடன் இருந்தேன். காவலர்கள் கேட்டபோது என் பெயரையும் முகவரியையும் நானே கொடுத்தேன். விபத்தில் உதவுகிறவர்களைச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் அவற்றுக்கு இசைவளித்து நாடெங்கும் பொருந்தும்படி செய்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அத்தகைய பாதுகாப்பு இடம்பெற்றுவிட்டது. நான் விலகிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை என் மகனைவிட வயதில் சிறியவர். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்ற எண்ணத்தில்தான் கையெழுத்திட்டேன்.

விசாரணைக் கட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அறுபது வயதைக் கடந்தவரை, பெண்களை, மாற்றுத்திறனாளிகளை, கடும் நோயுற்றவரைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்காமல் அவர்கள் வசிக்கும் இடத்துக்கே சென்று விசாரிக்க வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179 ஆவது பிரிவு சொல்கிறது. அதன்படி உதவி ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து, திண்ணையில் அமர்ந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார். நீதிமன்றமும் இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பிவிட்டேன். என் வயதொத்த நண்பர்கள் பலரும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்கள். அந்தச் சலுகை காவல்துறை விசாரணைக்கு மட்டுமே உரியது. நீதிமன்றச் சம்மனுக்குப் பொருந்தாது.

சம்மன் ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. நாங்கள் வேலூரிலிருந்து திரும்பி, துணைவியாரைப் படுக்க வைத்த சிறிது நேரத்தில் காவலர் ஒருவர் வாசலில் நின்றார். சம்மனின் இரண்டு நகல்களில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றின் பின்புறத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தேதி, அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை. நிலைமையை அவரிடம் விளக்கினேன். அவர் வருந்தினார், ஆனாலும், “எப்படியாவது வந்துடுங்க ஐயா, வரலைன்னா வாரண்ட் போட்டுடுவாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். என் குறை அந்தத் தாளின் மேல்தான். வழக்கு எண், பிரிவு, தேதி, நேரம், வராவிட்டால் நேரக்கூடியது எல்லாம் அதில் இருந்தன. வர இயலாத காரணம் இருந்தால் யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்று ஒரு வரி இல்லை. ஒரு தொலைபேசி எண் இல்லை.

சட்டம் அவ்வளவு கடுமையானது அன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன். சம்மனுக்கு வராத சாட்சிக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று கூறும், அதே புதிய சட்டத்தின் 389 ஆவது பிரிவே, நியாயமான காரணமின்றி வராதவரைப் பற்றித்தான் பேசுகிறது. அபராதம் விதிக்கும் முன் அவருக்குக் காரணம் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாரண்ட் என்ற ஒரு சொல்லைக் கேட்டு அந்த மூன்று இரவுகளும் தூங்காமல் கிடந்த எனக்கு இது அப்போது தெரிந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பெண்மணி தன் பீடி வேலையை விட்டுவிட்டு என் துணைவியாருடன் வேலூருக்குப் போனார். நான் காலை பத்து மணிக்கு முன்பே நீதிமன்றத்தில் இருந்தேன். நடைகூடத்தில் இரண்டே பெஞ்சுகள். அவற்றில் வழக்கறிஞர்களின் கட்டுகளும் கட்சிக்காரர்களும். குடிநீர்த் தொட்டி இருந்தது, குவளை இல்லை. டவாலி எனப்படும் நீதிமன்ற ஊழியர் பெயர் கூப்பிடும்போது அருகில் இல்லாவிட்டால் வரவில்லை என்று பதிவாகிவிடும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னதால், கழிப்பறைக்குப் போகவும் அஞ்சிக்கொண்டு நின்றேன். சாட்சி நாள் முழுவதும் காத்திருந்து, வாய்தா ஆகிவிட்டது என்று கடைசியில் அறிந்துகொள்கிறார், உட்கார இடமில்லை, தண்ணீர் குடிக்கவும் வழியில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் சுவரன் சிங் வழக்கில் மனம் வருந்தி எழுதியிருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து நான் நின்ற நடைகூடத்துக்கும் அந்த வரிகள் அப்படியே பொருந்தின.

மாலை நான்கு மணிக்கு மேல், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார், வாய்தா என்றார்கள். அடுத்த தேதி ஒரு வியாழக்கிழமை. சாட்சி வந்து நிற்கும்போது, எழுத்தில் பதியப்படும் தனிக் காரணம் இல்லாமல் அவரை விசாரிக்காமல் தள்ளிவைக்கக் கூடாது, வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருப்பது ஒரு காரணமே ஆகாது என்று 346 ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அன்று அந்தக் கூடத்தில் அதை எடுத்துச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை, தைரியமும் இல்லை. சாட்சிகளின் தொலைபேசி எண்ணைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறதே. முந்தைய நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால், நான் செய்ய வேண்டிய பணியை ஓர் அயல்வீட்டுப் பெண் தன் ஒருநாள் கூலியை இழந்து செய்திருக்க வேண்டாம். இந்த ஒரு நாளுக்காகவே இரண்டு விண்மீன்களைக் குறைத்தேன்.

அன்று நடைகூடத்தில் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்தவர் இறந்த இளைஞரின் தாய். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் வருகிறவர். வழக்கைப் பற்றி நாங்கள் பேசவில்லை, பேசவும் கூடாது. என் துணைவியாரின் நிலையை மட்டும் கேட்டறிந்தார். “அண்ணா, கீழ சட்ட உதவி ஆபீஸ் இருக்கு, எனக்கு அங்கதான் வழி சொன்னாங்க, நீங்களும் போய்க் கேளுங்க” என்று அவர்தான் சொன்னார்.

இனி நான் மனமார மெச்சும் பகுதி. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி மையம் அது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் முதலியோருக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவது அதன் பணி. 15100 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அடுத்த திங்கட்கிழமை அங்கே போனேன். இருந்த பெண் வழக்கறிஞர் என்னை முதலில் உட்காரச் சொன்னார். அந்த வளாகத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் நபர் அவர்தான். பிறகு மூன்று வழிகளை விளக்கினார். சாட்சியின் வருகை பொருந்தாத அளவு தாமதத்தையோ செலவையோ சிரமத்தையோ உண்டாக்கும் என்றால், 319 ஆவது பிரிவின்படி ஆணையம் அமர்த்தி, அதாவது வேறொரு நடுவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்து, சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். படுத்த படுக்கையாக இருக்கும் சாட்சிகளுக்கு இது உதவும். இரண்டாவது, காணொலி. அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவரின் சாட்சியத்தைக் காணொலி வழியே பதிவு செய்யலாம் என்று 2003 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இப்போதைய சட்டம் அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. என்னைப் போல் சாலை விபத்தில் உதவப்போய்ச் சாட்சியானவர்களுக்குக் காணொலியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று 2016 நெறிகளும் சொல்கின்றன. மூன்றாவது, எளியது: தேதியை மாற்றிக் கேட்பது.

“உங்களால் வர முடிகிற நாளை நீங்களே எழுதிக் கொடுங்கள் சார், வர முடியாது என்று மட்டும் எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் செய்ய இயலாது” என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த மையத்துக்குத் தனியாக ஐந்து விண்மீன்கள் கொடுப்பேன். ஒரே பக்கத்தில் மனு எழுதினோம். வழக்கு எண், நான் எத்தனையாவது சாட்சி என்பது, டயாலிசிஸ் நடக்கும் கிழமைகளும் நேரமும், அதற்கு மருத்துவமனை தந்த சான்று, திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் எப்போது அழைத்தாலும் வருவேன் என்ற உறுதி, மதியத்துக்குள் விசாரித்து அனுப்ப வேண்டும் என்ற வேண்டுகோள், என் தொலைபேசி எண். மூன்று நகல் எடுத்து, ஒன்றை அரசு உதவி வழக்கறிஞரிடம் கொடுத்து, அவர் மூலமாகவே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். அரசுத் தரப்புச் சாட்சிக்கு அவர்தான் வாயில் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீதிபதி மனுவைப் படித்துவிட்டு, அங்கேயே வியாழக்கிழமையை மாற்றி ஒரு புதன்கிழமையைக் குறித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தேதி மாறியிருக்கிறதா என்பதை வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து நானே பார்த்துக்கொண்டேன். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுமாறு சாட்சியாகப் போகும் எல்லோருக்கும் சொல்வேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு முன்பே என் பெயர் அழைக்கப்பட்டது. கூண்டில் ஏறியதும் நீதிபதி, முதுகு வலித்தால் உட்கார்ந்து சொல்லலாம் என்றார். முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது நிமிடம். குறுக்கு விசாரணை கடுமையாகத்தான் இருந்தது. அது அவர்கள் கடமை. தட்டச்சு செய்த சாட்சியத்தை எனக்குப் படித்துக் காட்டி, ஓரிடத்தில் தூரத்தை நான் திருத்தியபோது அதையும் பதிந்து, பிறகே கையெழுத்து வாங்கினார்கள். சாட்சிப் படியும் கேட்டேன். சாட்சிகளின் நியாயமான செலவை அரசு தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று 350 ஆவது பிரிவு இருக்கிறது; கேட்காமல் யாரும் தருவதில்லை. படிவம் நிரப்பிக் கொடுத்து, பேருந்துக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதுமான தொகையைப் பெற்றுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வீணாய்க் கழிந்த நாளுக்குப் படி இல்லை என்றார்கள்.

அச்சுறுத்தப்படும் சாட்சிகளுக்காக 2018 ஆம் ஆண்டில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தியது; அது மிகவும் தேவையானது. என்னைப் போன்றவர்களை யாரும் மிரட்டவில்லை. வீட்டில் ஒரு நோயாளியோ, கைக்குழந்தையோ, ஒரு நாள் விட்டால் போய்விடும் கூலியோதான் எங்களைத் தடுக்கிறது. சம்மனின் அடியில் இரண்டு வரி அச்சிட்டால் போதும்: இடர்ப்பாடு இருந்தால் அரசு உதவி வழக்கறிஞருக்கோ சட்ட உதவி மையத்துக்கோ முன்கூட்டியே தெரிவிக்கவும், எண் இன்னது என்று. இதை ஒரு விண்ணப்பமாகவே எழுதி அந்த நீதிமன்றத்தின் தலைமை எழுத்தரிடம் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வைத்துத் தந்தார். அச்சிட்டால் குறைத்த விண்மீன்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து இந்த மதிப்பீட்டையும் திருத்துவேன்.

சாட்சியம் முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தாய் நடைகூடத்தில்தான் நின்றிருந்தார். கைகூப்பினார், நானும் கைகூப்பினேன். மறுநாள் வியாழக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து துணைவியாரை நானே வேலூருக்கு அழைத்துப் போனேன். மறுவிசாரணைக்கு மீண்டும் அழைக்க நேரலாம் என்று அரசு உதவி வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அழைத்தால் போவேன், திங்கள், புதன், வெள்ளி என்பது இப்போது வழக்குக் கட்டிலேயே இருக்கிறது.