ஊரப்பாக்கமா, திருநின்றவூரா? வாடகைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

சென்னைக்குப் பக்கத்தில் சத்தம் இல்லாத இடமாக ஒரு வாடகை வீடு வேண்டும் என்று தோழிகள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இரண்டு ஊர்கள்: தெற்கே ஊரப்பாக்கம், மேற்கே திருநின்றவூர். முதல் ஊரில் 2020 முதல் நான்கு வருடம் இருந்தோம். 2024-இல் திருநின்றவூருக்கு மாறினோம். என் அலுவலகம் பெரியமேட்டில், கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கூடவே அத்தையும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும். அதனால் இந்த ஒப்பீடு வேலைக்குப் போகிற, பெரியவர்களை உடன் வைத்திருக்கிற ஒரு குடும்பத்தின் கண்ணோட்டம்தான்.

எல்லாரும் முதலில் வாடகையைக் கேட்கிறார்கள். அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன். முதலில் கேட்க வேண்டியது இரண்டு: ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு எப்படி வந்து சேர்வீர்கள்? மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும்?

வந்து சேர்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஊரிலிருந்தும் எனக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊரப்பாக்கத்திலிருந்து பூங்கா ஸ்டேஷன், திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல். இறங்கிய பிறகு நடக்கிற தூரம்கூட ஒன்றுதான். காகிதத்தில் சமமாகத் தெரியும். ஆனால் கடற்கரை ஸ்டேஷனில் கிளம்பும் நிறைய வண்டிகள் ஊரப்பாக்கம் வரை வராமல் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டிக்காகத் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்ற நேரத்தைக் கூட்டினால் எத்தனையோ நாள் வரும். மேற்கே இதே கதை ஆவடியில். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாம்பரத்தில் ரயில் கிடைக்காவிட்டால் வெளியே வந்தால் போதும், ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் பஸ், ஷேர் ஆட்டோ ஏதாவது ஒன்று அகப்படும். ஆவடியில் நேரம் கழித்து இறங்கினால் சிடிஎச் சாலையில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) அவ்வளவு வண்டி கிடையாது. அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதுதான் வழி. கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரலில் ஏசி மின்சார ரயிலும் வந்துவிட்டது. குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். தினமும் ஏறுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, அவசரத்துக்கு உதவும்.

அப்புறம் ஸ்டேஷனிலிருந்து வீடு. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. அமைதி வேண்டும் என்றுதான் அவ்வளவு தள்ளிப் போனோம். அமைதி கிடைத்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் விடியற்காலையில் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கம் உறுமுவது படுக்கையில் இருந்தே கேட்கும். மகளுக்கு அது பெருமை. பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்வாள். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரில் பாதி வழி காலி மனைகள், சீமைக்கருவேலம், அங்கொன்றும் இங்கொன்றுமாக எரியும் தெருவிளக்கு. ஒன்பது மணிக்கு மேல் அந்த வழியில் ஆட்டோ உள்ளே வராது. கணவர் முன்னதாக வந்து ஸ்கூட்டரோடு ஸ்டேஷனில் நிற்பார். அவருக்கு இரவு ஷிப்ட் என்றால் எனக்கு மதியமே வயிற்றைப் பிசையும். திருநின்றவூரில் ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை. கடைத்தெரு வழியாக வருகிறேன். கீரை வாங்கிக்கொண்டு, பூக்கார அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டுக்குள்ளே சிங்கம் கேட்காது, தவளை கேட்கும். எனக்கு இந்த அமைதிதான் பிடித்திருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊருமே சோதிக்கும். இரண்டும் ஏரிகள் சூழ்ந்த பூமி. 2021 நவம்பர் மழையில் ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி நிரம்பி மகாலட்சுமி நகர் மிதந்தது. திருநின்றவூரில் ஏரியை ஒட்டிய நகர்களிலும் அதே நிலை. ஆகவே எந்த ஊர் என்பதைவிட எந்தத் தெரு என்பதே பெரிய கேள்வி. திருநின்றவூரில் நாங்கள் முதலில் பார்த்த வீடு புத்தம் புது பெயின்ட்டோடு பளிச்சென்று இருந்தது. 7,000 ரூபாய்தான் வாடகை. கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டோம். எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, வீட்டுக்கா வந்தீங்க? இங்க வந்து பாரும்மா" என்று தன் தள்ளுவண்டிக்குப் பின்னால் இருந்த காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல். தண்ணீர் நின்ற மட்டம் அது. வீட்டுச் சுவருக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள், எதிர்ச் சுவருக்கு அடிக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பக்கத்துக் காலி மனையின் சுவரை முதலில் பார்க்கிறேன். கேட்டைவிடத் தெரு உயரமாக இருக்கிறதா என்பதும் முக்கியம். சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு, பழைய தனி வீடுகள் பல பள்ளத்தில் இறங்கிவிட்டன. இப்போது இருக்கும் வீடு தெருவைவிட மூன்று படி மேலே. அதற்காகவே 8,500 ரூபாய்க்குச் சம்மதித்தோம்.

குடிக்க, குளிக்க உள்ள தண்ணீரில் திருநின்றவூர் எங்களுக்கு ஒரு படி மேல். ஊரப்பாக்கத்தில் போர்த் தண்ணீர் கடினம். வாளி விளிம்பில் வெள்ளை படியும், ஹீட்டர் காயில் வருடம் ஒன்று போகும். மே மாதம் வந்தால் லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பில் இறக்குவோம், அதில் எங்கள் பங்கு வாடகை போகத் தனி. இங்கே எங்கள் தெருவில் போர்த் தண்ணீரில் பருப்பு வேகிறது. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வீடு பார்க்கப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாவிடம் பருப்பு வேகுமா என்று கேட்டுப் பாருங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இனி வாடகை. ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறைப் போர்ஷனுக்கு 9,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். 2023 டிசம்பர் கடைசியில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. பொங்கல் முடிந்ததும் உரிமையாளர் 12,500 கேட்டார். அந்தப் பக்கம் பொத்தேரி கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள், குடும்பங்களால் அவர்களோடு போட்டி போட முடியாது. ஊர் வசதியானது உண்மை. அந்த வசதிக்கு விலை கொடுப்பது குடியிருப்பவர்தான். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கும், கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராமுக்கும் மெட்ரோ நீட்டிப்புத் திட்டங்கள் இருப்பதால் இரண்டு பக்கத்து உரிமையாளர்களும் "மெட்ரோ வரப்போகுதும்மா" என்கிறார்கள். அந்த ரயில் ஓடும்போது அதற்குக் கொடுக்கலாம், இன்றைய ரயிலுக்குத்தான் இன்று வாடகை.

அட்வான்ஸிலும் ஏமாந்திருக்கிறோம். பத்து மாத வாடகையைக் கொடுத்துவிட்டு, காலி செய்தபோது வெள்ளையடிக்க, குழாய்க்கு, கதவுக்கு என்று பிடித்தம் போக வந்தது ஏழு மாதத் தொகை. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. திருநின்றவூரில் இதைச் சொல்லிப் பேசி ஐந்து மாதத்துக்குக் கொண்டுவந்தேன். குடிபோன அன்றே ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பியும் விட்டேன்.

கரண்ட் மீட்டர் தனியாக இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால் அது உங்களுக்கு வரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில் வராது. இங்கே தனி மீட்டர்.

முடிச்சூரையும் பார்த்தோம். தாம்பரத்துக்குப் பக்கம், வீடுகளும் நன்றாக இருந்தன. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு அந்தப் பகுதியை என்ன செய்தது என்பதை அங்கிருந்த என் சித்தி வீட்டில் நேரில் பார்த்தவள் நான். மனம் ஒப்பவில்லை.

வீடு மாற்றிய அன்று வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி நெமிலிச்சேரியில் இறங்கினோம், சுமார் 30 கிலோமீட்டர். மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் என்று வழியெல்லாம் மகளுக்குக் கதை சொன்னார் அத்தை. பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கு அவர் நடந்தே போய் வருகிறார். அவருக்கும் இந்த ஊர் பிடித்துப்போனது.

ஆனால் அத்தையை வைத்தேதான் இப்போது மறுபடி யோசிக்கிறோம். போன மார்கழியில் நடுராத்திரி அவருக்கு மூச்சுத்திணறல். ஊரப்பாக்கத்தில் என்றால் ஜிஎஸ்டி சாலையில் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. இங்கே ஆட்டோ தேடி, ஆவடிப் பக்கம் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. வீட்டில் இதய நோயாளி இருந்தால் ஊரப்பாக்கத்தையே பாருங்கள், கூடுதல் வாடகையானாலும் பரவாயில்லை.

எங்களுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பட்டாபிராம். ஆவடிக்கு இன்னும் பக்கம். 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்த பிறகு அங்கேயும் வாடகை ஏறுகிறது. போன ஞாயிறு பார்த்த வீட்டுக்கு 11,000 சொன்னார்கள். ஸ்டேஷனும் கிட்டே, மீட்டரும் தனி. எதிர்ச் சுவரில் கோடு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் நல்ல மழை ஒன்று பெய்யட்டும், அடுத்த நாள் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.