மருந்து மாறினால்: நடுவர் மன்றமா, நீதிமன்றமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அத்தைக்கு இனிப்புநீர் மாத்திரையை மருந்தகத்தில் இரண்டு மடங்கு வீரியத்தில் கொடுத்துவிட்டார்கள். மயங்கி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்தோம். "அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) கட்டி பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல போடு" என்றார்கள் தோட்டத்துச் சொந்தங்கள்.

பயனீட்டாளர் புகார்களை விசாரிக்கும் அந்த மன்றத்தின் வழி உண்மையிலேயே எளிது. வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்றாண்டுக்குள் போனால் போதும். ஆனால் உடல் பாதிப்பு, உயிரிழப்பு சார்ந்த கோரிக்கைகளை அது விசாரிக்காது. மருந்துக்குக் கொடுத்த காசைத்தான் அங்கே கேட்க முடியும். அத்தை பட்ட பாட்டுக்கு அது எந்த மூலைக்கு?

அதற்குச் சிவில் வழக்குதான். செலவும் அலைச்சலும் அதிகம். கவனக்குறைவையும், அதனால்தான் மயக்கம் வந்தது என்பதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். மருத்துவ நிபுணரின் அறிக்கை இல்லாமல் கஷ்டம். தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. தவறு அரசாங்க கிளினிக்கில் நடந்திருந்தால் 36 மாதம்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

நாங்கள் வழக்கறிஞரைப் பார்க்க ஈப்போ போகிறோம். மீதி மாத்திரை, லேபிள் ஒட்டிய பை, ரசீது, மருத்துவர் சீட்டு எதையும் அத்தை வீசவில்லை. நல்லவேளை.