ரேம் போகவில்லை, 3,100 ரூபாய்தான் போனது

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. கடைப் பெயரைப் போடவில்லை, வம்பு எதற்கு.

போன மாதம் வில்லங்கச் சான்று எடுக்க உட்கார்ந்தேன். பாதி விவரம் நிரப்புவதற்குள் குரோம் 'ஆ, ஸ்னாப்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஜிமெயிலிலும் பேங்க் பக்கத்திலும் அதே கதை. அடியில் சின்ன எழுத்தில் 'அவுட் ஆஃப் மெமரி' என்றிருந்தது. கடைக்காரர் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான். "ரேம் போயிடுச்சு சார், விண்டோஸும் கரப்ட்" என்றார். ரேம் 1,900, ஃபார்மட் 700, ஆன்டிவைரஸ் 500. ரசீது கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையைக் கிறுக்கிக் கொடுத்தார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சி டிரைவ் மட்டும்தான் ஃபார்மட், உங்க ஃபைல் எதுவும் போகாது" என்று வேறு சொன்னார். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதா? திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்த படங்கள் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. அக்காவின் வாட்ஸப்பில் கிடந்த பதினான்கு படங்கள்தான் இப்போது மிச்சம்.

வீட்டுக்கு வந்து குரோமில் என் கணக்கைப் போட்டு நுழைந்தேன். பத்து நிமிடம் ஓடியது. அப்புறம் மறுபடி 'ஆ, ஸ்னாப்'.

அக்கா மகன் போனில் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, இன்காக்னிட்டோல திறந்து பாத்தீங்களா?" ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி விண்டோதான் அது. பார்த்தேன், ஒரு தடங்கலும் இல்லை. நாமாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோமில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி புரோகிராம்கள், ஓடாதாம். சரி என்று மூன்று புள்ளி மெனு வழியாக எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கம் போய், இருந்த எட்டையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஆறாவதில் மாட்டியது. பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற எப்போதோ நானே சேர்த்தது. திறக்கிற ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் புகுந்து அந்த டேபின் மெமரியைத் தின்றிருக்கிறது. ஃபார்மட் செய்தும் அது போகாததற்குக் காரணம் சிங்க். கணக்கில் நுழைந்ததுமே பழைய எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் குரோம் திரும்ப இறக்கிவிடுகிறது.

ரேம் கெட்டிருந்தால் பெரும்பாலும் குரோம் மட்டும் படுக்காது, மற்ற புரோகிராம்களும் விழும், நீலத் திரை வரும். சந்தேகமிருந்தால் விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, காசு கேட்காது. ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட் மோடைப் போட்டுப் பாருங்கள், எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டுத் திறக்கும்.

கழற்றிய ரேமைக் கேட்டு இரண்டு முறை போய்விட்டேன். முதல் முறை "பையன் லீவு". இரண்டாம் முறை "எந்த ரேம் சார்?"