நியோபியமா, டாண்டலமா?

பெரும்பாலும் ஒரே தாதுவில் சேர்ந்தே கிடைக்கும் இரட்டை உலோகங்கள் இவை. இரண்டும் ஒன்றேதான் என்று 1809-இல் வேதியியலாளர் வொல்லாஸ்டன் முடிவு கட்டிவிட்டார். வெவ்வேறு என்று 1844-இல் ஹைன்ரிக் ரோசே காட்டினார். டாண்டலத்தின் ஆக்சைடு, அமிலத்தில் மூழ்கிக் கிடந்தாலும் துளியும் ஏற்காது. அதனால், தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத கிரேக்கப் புராண டாண்டலஸின் பெயரை வேதியியலாளர் எக்கபெர்க் அந்த உலோகத்துக்கு வைத்தார். கூடவே கிடக்கும் இன்னொன்றுக்கு டாண்டலஸின் மகள் நியோபியின் பெயரை ரோசே சூட்டினார். எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் நியோபியத்துக்கு வேதியியலாளர் ஹாட்செட் 1801-லேயே வைத்த கொலம்பியம் என்ற பெயர் அமெரிக்காவில் வெகுகாலம் புழங்கியது.

எடையில் குழப்பமே இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் நியோபியம் 8.57 கிராம், டாண்டலம் ஏறக்குறைய இரு மடங்கு. எம்ஆர்ஐ காந்தச் சுருளுக்கு நியோபியம்-டைட்டானியக் கலவைதான் சரி. கைப்பேசியின் சின்னஞ்சிறு மின்தேக்கிக்கு (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) டாண்டலம். அதன்மேல் வளரும் மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பாகிவிடுகிறது.