புது வண்டியின் இன்ஜின் நின்றுவிட்டால்: பழுதா, புது இன்ஜினா, புது வண்டியா, வழக்கா?

தங்கை வீட்டில் கார் வாங்கி 41 நாள்தான் ஆகியிருந்தது. ஓடியது 2,300 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும்போது உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டுவதற்குள் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். அதோடு இன்ஜின் நின்றுவிட்டது. பின் இருக்கையில் தங்கையும் இரண்டு பிள்ளைகளும். நல்லவேளை, பின்னால் வேகமாக எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டரிலிருந்து அவருக்குப் போன். "சார், இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும். ஜாப் கார்டில் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, எல்லாம் வாரன்ட்டியில் வந்துடும்." மாப்பிள்ளை உடனே என்னைக் கூப்பிட்டார். "மச்சான், கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

"இன்னிக்கு வேண்டாம், பொறுங்க" என்றேன். அடுத்த இரண்டு வாரம் நாங்கள் விசாரித்ததையும் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த நிலையில் ஒருவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும், இன்ஜினைத் திறப்பதற்கு முந்தைய அந்த ஒரு நாள்தான் வாங்கியவர் கையில் இருக்கும் பெரிய பலம் என்பது என் கருத்து. பலரும் அதைத் தெரியாமல் ஒரு கையெழுத்தில் விட்டுவிடுகிறார்கள்.

திறப்பதற்கு முன்

வாரன்ட்டி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அடியில் கல் தட்டியது, தண்ணீர் புகுந்தது, கலப்பட எரிபொருள், வெளியில் செய்த மாற்றங்கள் என்று எவற்றுக்கெல்லாம் வாரன்ட்டி கிடையாது என்ற பட்டியல் இருக்கும். இன்ஜினைப் பிரித்துப் போட்ட பிறகு "ஆயில் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடி பட்டிருக்கு சார்" என்று ஒரு வார்த்தை வந்தால் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. அடி எப்போது பட்டது, யாரால் பட்டது என்று அதற்கு மேல் நிரூபிக்க வழியில்லை.

அதனால் வண்டி முழுசாக இருக்கும்போதே சிலவற்றைச் செய்துவிட வேண்டும். லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடிப்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்து, அளவு எவ்வளவு என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். ஸ்கேனர் மாட்டினால் கோளாறுக் குறியீடுகள் வரும். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில் ஓடியது, சூடு எவ்வளவு என்ற விவரமும் பெரும்பாலும் கூடவே பதிவாகியிருக்கும். அதை அச்செடுத்து வாங்க வேண்டும். வடித்த ஆயிலில் கொஞ்சத்தை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, மூடி ஒட்டி, இரு தரப்பும் அதன்மேல் கையெழுத்திட வேண்டும். அப்புறம், "என் முன்னிலையில்தான் திறக்க வேண்டும், நாளும் நேரமும் சொல்லுங்கள்" என்று ஷோரூமுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல். வாட்ஸ்அப் மட்டும் போதாது.

மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டபோது சர்வீஸ் அட்வைசரின் முகம் மாறியதாம். ஆனால் மறுக்கவில்லை. இதில் மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

பழுது பார்ப்பதா, புது இன்ஜினா

முதலில் வரும் யோசனை எப்போதும் பழுதுதான். சேதமான பாகத்தை மட்டும் மாற்றித் தந்துவிடுவோம் என்பார்கள். ஆர்.சி.யில் எதையும் திருத்த வேண்டியதில்லை, பாகம் கையிருப்பில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சில கோளாறுகளுக்கு இது முற்றிலும் போதும். இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப், இன்ஜெக்டர், ஒரு சென்சார், கிளட்ச் என்று தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒன்று கெட்டிருந்தால், புது வண்டி கேட்டுப் போராடுவது உங்கள் நேரத்துக்கே கேடு.

ஆயில் ஓட்டம் நின்று இன்ஜின் இறுகிப்போன கதை வேறு. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்குக்கும் அது சுற்றும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அழுத்தம் போனால் அந்தப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். பேரிங் உருகித் துகளாகும். அந்தத் துகள், ஆயில் போகும் நுண்ணிய வழிகள் அத்தனையிலும் பரவும்: கேம் ஷாஃப்ட், ஆயில் கூலர், டர்போ இருந்தால் அதுவும். பேரிங்கையும் கனெக்டிங் ராடையும் மட்டும் மாற்றி, உள்ளே கழுவிவிட்டோம் என்றால், ஏதோ ஒரு மூலையில் தங்கிய துகள் பத்தாயிரம் கிலோமீட்டரில் மறுபடி வேலையைக் காட்டலாம். அதோடு, தொழிற்சாலையில் பூட்டும் சுத்தமும் அளவும், வெயிலும் தூசியும் உள்ள ஒரு பணிமனையில் வருவது கடினம். அங்கே இருக்கும் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அப்படி.

இந்த இடத்தில் என் தேர்வு தெளிவானது: முழு இன்ஜின். இதிலும் வார்த்தையைக் கவனிக்க வேண்டும். 'ஹாஃப் இன்ஜின்' என்றும் 'ஷார்ட் பிளாக்' என்றும் சொல்வது பிளாக், கிராங்க், பிஸ்டன் வரைதான். அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட் பழசே வரும். 'லாங் பிளாக்' என்றால் ஹெட்டும் சேர்ந்து வரும். ஆனால் ஆயில் கூலர், டர்போ போன்றவை அதில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். "இன்ஜின் மாத்தித் தர்றோம்" என்று வாயால் சொன்னால் இதில் எதுவாகவும் இருக்கலாம்.

புது இன்ஜினுக்கும் ஒரு விலை உண்டு. இன்ஜின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அது மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும், காப்பீட்டு நிறுவனத்திடமும் எண்ணை மாற்ற வேண்டும், கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பின்னாளில் ஒரு விபத்து இழப்பீட்டிலோ விற்கும்போதோ எண் பொருந்தவில்லை என்று மாட்டிக்கொள்வீர்கள். இந்த அலைச்சலை ஷோரூமே செய்து தர வேண்டும், செலவும் அவர்களுடையது என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குவது நல்லது. விற்பனை மதிப்பும் கொஞ்சம் குறையும். ஆர்.சி.யில் இன்ஜின் மாறியதைப் பார்க்கும் எவரும் ஒரு கேள்வி கேட்கத்தான் செய்வார்.

வண்டியையே மாற்றச் சொல்வது

"41 நாளில் இன்ஜின் போச்சு, எனக்கு வேற வண்டி கொடு." நியாயம் முழுக்க வாங்கியவர் பக்கம்தான் இருக்கிறது. தங்கை இதைத்தான் சொன்னாள். நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு நின்றவள் அவள். வண்டி வீட்டுக்கு வந்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவளும் அவள்தான். அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்றாள்.

அமெரிக்காவில் இப்படி அடிக்கடி கெடும் புது வண்டிக்கே 'லெமன்' என்றுதான் பேர். கனெக்டிகட் மாநிலம் 1982-இல் அதற்கென்று முதல் சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து அப்படி ஒரு விதி இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கையில் கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பிரிட்டனில் 2015 சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். இந்தியாவில் வண்டிகளுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. நம் ஊர் வாரன்ட்டி தருவது பாகத்துக்கான உறுதிமொழி.

2006-இல் மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரன்ட்டி சொல்கிறது, வண்டியையே மாற்றித் தரச் சொன்னது சரியல்ல என்பது அதன் சாரம். இதைப் படித்து மனம் விட்டுவிட வேண்டாம். பின்னர் வந்த ஃபியட் இந்தியா வழக்கில், சார்பற்ற தொழில்நுட்ப நிபுணர் சோதித்து உற்பத்திக் குறை உள்ளதென்று சொன்னால், வண்டியின் விலையோடு ஆயுள் வரியையும் கட்டிய தவணைகளையும் வட்டியோடு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் வழி காட்டியது. கதவு மூடவில்லை, நிபுணரின் அறிக்கைதான் அதற்குச் சாவி.

பேச்சு வார்த்தையில் புது வண்டியோ பணமோ கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு, பதிவு எண் விழுவதற்கு முன்பே குறை தெரிந்தால். அதற்கு அடுத்து, ஒரே கோளாறு இரண்டு மூன்று முறை திரும்ப வந்தால். ஒரே ஒரு முறை கெட்டு, நிறுவனம் முழு இன்ஜின் தரத் தயாராக இருக்கும்போது புது வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், மாதக்கணக்கில் வண்டி கொட்டகையில் கிடக்கும். தவணை மட்டும் தேதி தவறாமல் போகும்.

பணம் திரும்பத் தருவதாக ஒத்துக்கொண்டாலும் எந்தப் பணம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் வண்டிக்கு 2,16,000 ரூபாய். அதோடு காப்பீடு, பதிவுச் செலவு, கடன் வட்டி. ஷோரூம் விலையை மட்டும் கணக்கிட்டுத் தந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

நுகர்வோர் ஆணையம்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அது நீதிமன்றம் அல்ல, ஆனால் புகார் நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் போய்ச் சேரும். உள்ளூர் ஷோரூமில் மட்டும் பேசிக்கொண்டிருப்பதை விட அது நல்லது.

வழக்கு என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்குப் பல வகையில் இசைவானது. 50 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் வெறும் 400 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அது முக்கியம்.

சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஆகும், பிறகு மேல்முறையீடு வேறு. நிபுணர் சோதனைக்கு ஆணையத்தில் மனுப் போட வேண்டும், அதன் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான். இடையில் அந்த வண்டியையே 50,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "ஓடவே லாயக்கில்லாத வண்டி" என்று வாதிட்டால் எடுபடாது.

இன்னொன்று. ஷோரூமை மட்டும் எதிர்தரப்பாகப் போடாதீர்கள், தயாரித்த நிறுவனத்தையும் சேர்த்தே போட வேண்டும். இரண்டும் தனித்தனி வியாபாரம், ஒருவர் தவறுக்கு மற்றவர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார். ஒருவரை ஒருவர் கை காட்டித் தப்பிக்க இடம் கொடுக்கக் கூடாது.

வழக்கை நான் மற்ற மூன்றுக்கும் மாற்றாகப் பார்க்கவில்லை. புது இன்ஜினைப் பெற்றுக்கொண்டு, "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாடகை வண்டிக்கு ஆன செலவுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக வழக்குப் போடலாம். "எல்லாம் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டினால் மட்டும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

காப்பீட்டை நம்பிச் சிலர் கேட்பதுண்டு. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் 'ஜீரோ டெப்' எடுத்திருந்தாலும் தானாகக் கெட்ட இயந்திரத்துக்கு மோட்டார் காப்பீடு பணம் தராது. வந்த விலைக்கு விற்றுத் தொலைப்பதும் ஒரு வழிதான், ஆனால் வாங்குபவரிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் விலை பாதாளத்துக்குப் போகும். ஒரே மாடலில் பலருக்கும் இதே கோளாறு வந்திருந்தால், மத்திய அரசின் வாகன் இணையதளத்தில், அந்த மாடலை நிறுவனம் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வேண்டும் என்று புகார் பதியலாம். அதனால் உங்கள் வண்டி உடனே சரியாகாது, இன்னொரு குடும்பம் நடுரோட்டில் நிற்காமல் இருக்க உதவும்.

மாப்பிள்ளை முன்னிலையில் இன்ஜினைத் திறந்தார்கள். ஆயில் பம்ப்பில்தான் கோளாறு, சம்ப்பில் ஒரு கீறல் இல்லை. எடுத்து வைத்த படங்களைப் பார்த்த ஏரியா மேனேஜர் வாரன்ட்டியில் வாதம் எதுவும் செய்யவில்லை. முதலில் ஹாஃப் இன்ஜின் என்றவர்கள், நான்காவது மின்னஞ்சலில் ஹெட்டோடு முழு இன்ஜினுக்கு ஒத்துக்கொண்டார்கள். டர்போவும் ஆயில் கூலரும் புதிது, வாரன்ட்டி இரண்டு ஆண்டு நீட்டிப்பு, ஆர்.சி. திருத்தம் அவர்கள் செலவு, வண்டி இல்லாத 37 நாளுக்கு ஒரு மாற்று வண்டி. புது வண்டி கேட்டோம், தரவில்லை. தங்கைக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. வண்டி இப்போது 19,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. திருச்சி போகும்போது அவள் பின் இருக்கையில் உட்கார்வதில்லை, முன்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, ஃபைல் அலமாரியில் தயாராக இருக்கிறது.