கால்குலஸ் வகுப்புக்கு எந்த இலவசப் புத்தகம்?

கல்லூரி கால்குலஸுக்கு இலவசப் பாடநூல் தேடுவோருக்கு நல்ல தேர்வுகள் இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016இல் வெளியிட்ட மூன்று தொகுதிகள். இன்னொன்று, மிச்சிகனில் பேராசிரியர் மேத்யூ போல்கின்ஸ் எழுதிய 'ஆக்டிவ் கால்குலஸ்'.

ஓப்பன்ஸ்டாக்ஸ் பழகிய பாதையில் போகிறது: சார்பு (function), எல்லை (limit), வகையிடல் (differentiation). பயிற்சிக் கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றன. வீட்டுப்பாடத்துக்கு இதுதான்.

போல்கின்ஸ் நேரே மேலே எறிந்த பந்தில் தொடங்குகிறார். முதலில் 48 அடி உயரம், ஒரு வினாடியில் 64 அடி. சராசரித் திசைவேகம் வினாடிக்கு 16 அடி. சரி, அரை வினாடி ஆகும் அந்தக் கணத்தில் என்ன வேகம்? இடைவெளியைக் குறுக்கிக் குறுக்கி மாணவரே கணக்கிட வேண்டும். எல்லை எதற்கு என்பது அப்போதே புரிந்துவிடுகிறது, சூத்திரம் அப்புறம்தான் வருகிறது. பயிற்சிகள் குறைவுதான். ஆனாலும் வகுப்பில் நடத்த நான் இதையே எடுப்பேன். வீட்டுக் கணக்குகளை ஓப்பன்ஸ்டாக்ஸிலிருந்து கொடுப்பேன்.

ஒன்று கவனியுங்கள். போல்கின்ஸ் நூலை அச்சிட்டு விற்கவும் அனுமதி உண்டு, ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸுக்கு வணிகத் தடை உண்டு. இரண்டையும் கலந்து புது நூலாக வெளியிட உரிமங்கள் இடம் தராது. தனித்தனியாகவே மாணவர்களுக்குக் கொடுங்கள்.